முத்தையா பொழுதுபோக்குக்கு எழுதினவர் இல்ல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மெட்ராஸ் பத்தி வந்த கட்டுரையில எஸ்.முத்தையாவ 'பழைய கட்டடங்களைப் பற்றிப் பொழுதுபோக்காக எழுதியவர்'னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. முப்பது வருஷமா உங்க பேப்பர்தான் வாங்குறேன், அந்த வரி இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

கொழும்புல பத்திரிகை வேலை பாத்துட்டு 1968ல இங்க வந்தவர். 1991ல மெட்ராஸ் மியூசிங்ஸ்ங்கற பத்திரிகைய ஆரம்பிச்சு, 2019 ஏப்ரல்ல 89 வயசுல போய்ச் சேர்ற வரைக்கும் எழுதினார். இது பொழுதுபோக்கா? அவர் மறைஞ்சப்பவும் நீங்க உள்பக்கத்துல நாலு வரிதான் போட்டீங்க, அப்பவே எழுதியிருக்கணும், விட்டுட்டேன்.

ஒரு கட்டடத்த யார் கட்டினது, எந்த வருஷம், உள்ள என்ன நடந்துச்சுன்னு யாராவது எழுதி வச்சிருந்தாத்தான் சார் அத இடிக்காதீங்கன்னு கேக்கவே முடியும். மவுன்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் பில்டிங்க 2006ல இடிக்க ஆரம்பிச்சாங்க, பழைய கட்டடங்களப் பாதுகாக்கப் பாடுபடற இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு, 2010ல ஹைகோர்ட் இடிக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதோட சரித்திரம் யாருக்கும் தெரியாமப் போயிருந்தா கோர்ட்ல போய் என்னன்னு சொல்றது?

எனக்கு இது பட்டுத் தெரிஞ்சது. திருவல்லிக்கேணியில எங்க தாத்தா வீட்ட 2009ல வித்தோம். மொதல்ல தேக்கு உத்தரத்த எறக்கினாங்க, அப்புறம் மெட்ராஸ் டெரஸ்ங்கற அந்தக் காலத்துக் கூரைத் தளத்த ஒடச்சாங்க. ரெண்டு விரல் கனம்கூட இல்லாத சின்னச் சின்னச் செங்கல்லு, சுண்ணாம்புல செங்குத்தா நிக்க வச்சு அடுக்கினது, அவ்வளவு லேசுல பேரல, மூணு நாள் கடப்பாரை போட்டாங்க. வீடு எந்த வருஷம் கட்டினதுன்னு மேஸ்திரி கேட்டார், எங்க அண்ணன் தம்பி நாலு பேர்ல ஒருத்தனுக்கும் தெரியல. அதுல ஒரு செங்கல் இன்னும் என் மேஜை மேல இருக்கு.

எங்க தெருவுல இருந்த பழைய சத்திரத்தப் பத்தி ரெண்டு தடவ உங்களுக்கு எழுதினேன், ஒண்ணும் வரல. இப்ப அங்க கார் பார்க்கிங்.

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம் வருது, அதையும் 2004ல ஆரம்பிச்சு வச்சவங்கள்ல முத்தையா ஒருத்தர். அன்னிக்காவது 'பொழுதுபோக்காக'ங்கற அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டு, 'வரலாற்றாசிரியர்'னு ஒரு திருத்தம் போடுங்க. அதே பக்கத்துல, அதே எழுத்து சைஸ்ல.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகர்