மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தாதே, தம்பி

பெரியகுளம்,
செவ்வாய் இரவு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டு நான் ஒன்றும் பேசவில்லை. "சரிப்பா, பாத்துக்க" என்று வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து மனசு அடங்கவில்லை. திரும்பக் கூப்பிட்டால் நீ "எனக்குத் தெரியும்மா" என்பாய், நான் குரலை உயர்த்துவேன், பேச்சு அதோடு போகும். அதனால் எழுதுகிறேன். வெள்ளைத் தாள் உன் கண்ணுக்கு ஆகாது என்று தங்கச்சியின் பழுப்புக் காகித நோட்டிலிருந்து தாள் கிழித்திருக்கிறேன். எழுத்தும் பெரிதாகவே இருக்கும். கண் கூசினால் இரண்டு நாளாகப் படி.

நீ சொன்னது இரண்டு விஷயம். கண்ணில் ஓயாமல் புள்ளியும் வளையமும் தெரிகிற உன் கோளாறுக்குப் போடும் மாத்திரையை, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து மொத்தமாக நிறுத்தப் போகிறாய். அடுத்த வாரமே பத்து நாள் மௌனத் தியானத்துக்குப் பதிவு செய்திருக்கிறாய். கூட வேலை பார்க்கும் பையன், மாத்திரை மூளையை மழுங்கடிக்கும், தியானம் ஒன்றே போதும் என்றானாம்.

முதலில் மாத்திரை. 28 வருஷம் அரசு ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நீ போடும் இரண்டு மாத்திரையில் ஒன்று குளோனசிபாம், அது ஒரு வருஷத்துக்கு மேல் உன் உடம்பில் ஊறியிருக்கிறது. மூளையின் படபடப்பை அடக்கி வைப்பதற்கு 'காபா' என்று ஒரு பொருள் உள்ளேயே இருக்கிறது. அதன் வேலைக்கு இந்த மாத்திரை பலம் சேர்க்கிறது. மாசக்கணக்கில் வெளியிலிருந்து பலம் வந்துகொண்டே இருந்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அடக்க ஆளில்லாமல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். தூக்கம் போகும், கை நடுங்கும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது, சிலருக்கு வலிப்பே வரும். மாசாமாசம் வந்து வாங்கிப் போகும் ஒரு லாரி டிரைவர், வெளியூரில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தார். ஊருக்குள் வந்து இறங்கிய இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த மருந்துக் குடும்பம் முழுவதற்கும் பழகிப்போகும் ஆபத்தையும் திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்தையும் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் உத்தரவு போட்டது சும்மா இல்லை.

இன்னொன்று. குளோனசிபாம் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நினைப்பாய். அப்புறம் ஆரம்பிக்கும். சரியாக நீ யாரோடும் பேசக் கூடாத இடத்தில், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது அது உச்சத்தில் இருக்கும். அப்போது புள்ளிகள் அதிகமானால், நோய் ஏறிவிட்டதா, மருந்தை விட்டதால் வந்ததா என்று உன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதை நினைத்துத்தான் பயம்.

உன் இன்னொரு மாத்திரை லாமோட்ரிஜினும் அப்படித்தான். டாக்டர் 25 மில்லிகிராம் இரண்டு வாரம், 50 மில்லிகிராம் இரண்டு வாரம் என்று ஏற்றியபோது, ஏன் இப்படி இழுக்கிறார் என்று எரிச்சல்பட்டாய். வேகமாக ஏற்றினால் சிலருக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் தடிப்பு வரும். ஐந்தாறு நாள் நிறுத்திவிட்டு, பயந்துபோய்ப் பழைய அளவையே எடுத்துப் போட்டாலும் அதே ஆபத்துதான். மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும்.

ஆயுசுக்கும் சாப்பிடு என்று நான் சொல்லவில்லை தம்பி. குளோனசிபாம் அப்படிச் சாப்பிடும் மருந்தே இல்லை. கால் மில்லிகிராமில்கூட மாத்திரை இருக்கிறது. டாக்டர் சொல்கிறபடி மாசக்கணக்கில், படி படியாக இறங்கலாம். இறங்குகிறபோது தியானமும் கூட இருக்கட்டும். இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்தாதே என்பதுதான் நான் கேட்பது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் யோசித்தேன். உன் கோளாறு என்னவென்று தெரிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் பாதி தாமதம் என்னால் வந்தது.

நம் மொட்டைமாடியில் நின்றால் ராத்திரி மலை மேலே கொடைக்கானல் விளக்குகள் தெரியும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த விளக்குகளைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன். ஒரு நாள் அதே இடத்தில் நின்று, "விளக்கைச் சுத்தி வளையம் வளையமா இருக்கும்மா, தலையைத் திருப்பினா கோடா இழுத்துக்கிட்டுப் போகுது" என்றாய். வெறும் வானத்தில்கூட, பழைய டி.வி.யில் சேனல் இல்லாதபோது ஓடுமே, அந்தப் புள்ளிமழை என்றாய். கண் டாக்டர்கள் மூன்று பேரைப் பார்த்தோம். விழித்திரை சுத்தமாக இருந்தது. தலைக்கு ஸ்கேன், வலிப்பு இருக்கிறதா என்று இ.இ.ஜி., எல்லாம் எடுத்தோம். ஒன்றுமில்லை. அப்புறம்தான் நீ சொன்னாய், கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் போதைக் காளான் சாப்பிட்டதையும், பெங்களூரில் நாலைந்து தடவை ஸ்டாம்ப், அதாவது எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து தடவிய காகிதத் துண்டை நாக்கில் வைத்ததையும்.

அன்றைக்கு நான் அழுதேன், திட்டினேன். ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். முதலில் பார்த்த மனநல டாக்டரிடம் போதை விஷயத்தைச் சொல்லாதே என்றேன். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ, சொந்தக்காரர் காதுக்குப் போய் நாளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களோ என்று பயம். சுவர் அசைகிறது, கோடு நெளிகிறது என்பதை மட்டும் கேட்ட அவர், மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் எழுதினார். இரண்டாம் நாள் ராத்திரி நீ உடம்பெல்லாம் நடுங்கி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அவர் மேல் குற்றம் இல்லை, மறைத்தது நான். எல்.எஸ்.டி.க்குப் பிறகு பார்வைக் கோளாறு தங்கியவர்களில் மூன்று பேருக்கு அதே மாத்திரை பழைய போதை திரும்பியது போன்ற பீதியைக் கிளப்பியது என்று 1996லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எத்தனை ஆயிரம் ரிஸ்பெரிடோன் அட்டை எண்ணிக் கொடுத்திருப்பேன், எனக்குத் தெரியவில்லை. மனநல சிகிச்சையில் சொல்வது ரகசியமாகக் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதையும் பிறகுதான் படித்தேன்.

இரண்டாவது டாக்டரிடம் நீயே எல்லாவற்றையும் சொன்னாய். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் புள்ளி நிஜமா அங்க இருக்குன்னு நினைக்கிறியா?" இல்லை என்றாய். "அப்ப இது பைத்தியம் இல்லை" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரைக் கும்பிடலாம் என்று இருந்தது எனக்கு. ஹெச்.பி.பி.டி. என்று பெயர் சொன்னார், போதை இறங்கிப் போன பிறகும் தங்கிவிடும் பார்வைக் கோளாறு. எல்.எஸ்.டி. மனசை என்ன செய்யும் என்று 1943லேயே தெரிந்துவிட்டது. ஹென்றி ஆபிரகாம் என்ற அமெரிக்க டாக்டர் அதை எடுத்த 123 பேரை உட்காரவைத்துக் கேட்டு, இந்த வளையம், இழுபடும் கோடு, அழியாத பிம்பம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியது 1983இல். மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது ஏறியது 1987இல். அதுவரை எத்தனை பிள்ளைகள், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும்.

மருந்துக்கு ஆதாரம் எவ்வளவு என்று நீ கேட்டாய். சொற்பம்தான், உனக்கு மறைக்க மாட்டேன். இஸ்ரேலில் 2003இல் 16 பேருக்குத் தினம் 2 மில்லிகிராம் குளோனசிபாம் இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவு குறைந்தது. ஆனால் மருந்து கொடுக்காத ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. லாமோட்ரிஜினுக்கு ஜெர்மனியில் 2012இல் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள், அவளுக்கும் குறைந்தது. இதை வைத்துக்கொண்டு யாரும் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம் நீ ராத்திரி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து ஊருக்கு வந்தாய். எதிரே வரும் ஹெட்லைட்டைக் கண்ணை மூடாமல் பார்க்க முடிந்தது என்று இறங்கியதும் சொன்னாய். எனக்கு அது ஆராய்ச்சிதான்.

இனி தியானம். சாயங்காலம் குத்துவிளக்கை ஏற்றி, சுடரையே கண்கொட்டாமல் பார், மனசு நிற்கும் என்று உன்னை உட்காரவைத்தது நான். த்ராடகம் என்று எங்கேயோ படித்திருந்தேன். நல்ல கண்ணுக்கே சுடரைப் பார்த்துவிட்டு மூடினால் ஒரு பிம்பம் நிற்கும். பிம்பம் போகாமல் தங்குவதே உனக்கு நோய். அதை நானே எண்ணெய் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

அதுவும் போதாதென்று பத்து நாள் வகுப்புக்கு அனுப்பினேன். பேச்சு கிடையாது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்வது. மனநல சிகிச்சை எடுத்ததுண்டா, போதைப் பழக்கம் உண்டா என்று விண்ணப்பத்தில் தெளிவாகவே கேட்டிருந்தார்கள். "இல்லைன்னு போடு" என்றேன். ஆறாம் நாள் அப்பா வந்து கூட்டிப்போனார். காரில் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என் கை மாதிரியே இல்லப்பா" என்றாயாம். அப்பா அதை என்னிடம் சொல்லவே ஒரு மாசம் ஆனது. போன தடவை மாத்திரை இல்லாமல் போனேன், இப்போது தாங்குவேன் என்கிறாய். தம்பி, இந்தத் தடவையும் மாத்திரை இல்லாமல்தானே போகப் போகிறாய்? போதையே தொடாதவர்களுக்கும் கடும் தியானத்தில் ஒளி தெரிவது, தான் தானாக இல்லாதது போலத் தோன்றுவது எல்லாம் வருகிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்தில் தியானம் செய்பவர்களையே நேரில் கேட்டு 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே கண்ணில் ஓடிக்கொண்டிருக்கிற உனக்கு அவ்வளவு நீளம் வேண்டாம்.

சின்ன அளவில் செய். ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979இல் மசாசூசெட்ஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, டாக்டர்களால் தீர்க்க முடியாத நாள்பட்ட வலிக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். வலியை எடுத்துவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வலியோடு மல்லுக்கட்டுவதைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து வந்த 8 வாரப் பயிற்சியை, போதை எடுக்காமலே உன்னைப் போல் புள்ளிமழை தெரிகிறவர்களுக்கு லண்டனில் கொடுத்துப் பார்த்து, பலருக்குத் தொல்லை குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். பதினைந்து இருபது நிமிஷம் போதும். கண்ணை இறுக மூடாதே, பாதி திறந்து, வெளிச்சம் மங்கலான தரையைப் பார். பாதம் தரையில் பதிவதைக் கவனி, மூச்சைக் கவனி. உலகம் பொய் மாதிரி தோன்ற ஆரம்பித்தால் உடனே எழுந்து முகம் கழுவு. அன்றைக்கு அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொங்கலுக்கு வந்திருந்தபோது பார்த்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வெள்ளைச் சுவரைப் பார்க்கிறாய். நேற்றைக்கு இன்றைக்குப் புள்ளி கூடியிருக்கிறதா என்று அளக்கிறாய். அளந்துவிட்டு முகம் வாடிப் போகிறாய். அந்த அளவெடுப்பை விடுவதற்குத்தான் தியானம் உனக்கு உதவும் என்று நான் நம்புகிறேன். சித்திரையில் மாமா தோப்பில் மாங்காய் பறிக்கப் போய்விட்டு வந்து சொன்னாயே, "ரெண்டு மணி நேரமா ஞாபகமே வரலம்மா" என்று. புள்ளி எங்கும் போகவில்லை, உன் கவனம் மாங்காயில் இருந்தது. அதைக் கேட்டுத்தான் அப்பா உன் அறைச் சுவருக்கு இளம்பச்சை அடித்தார், உன்னிடம் காரணம் சொல்லவில்லை.

கஞ்சாவை விட்டுவிட்டேன் என்றாய், நம்புகிறேன். அது இந்தக் கோளாறைத் தூண்டிவிடும் என்று உனக்கே அனுபவம். இந்த மாத்திரையோடு பீரும் கூடாது. உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பையன், துளிக் காளான் எடுத்தால் எல்லாம் சரியாகும் என்றும் சொன்னானாம். அதற்கு ஒரே பதில், வேண்டாம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. மாத்திரை அட்டைகளை எடுத்து, எந்த மாத்திரை, எத்தனை மிச்சம் என்று எண்ணி இன்றே எனக்கு வாட்ஸ்அப் செய். வழக்கம்போலப் போடு, ஒரு வேளையும் விடாதே. ஏற்கெனவே குறைத்திருந்தால் அதையும் சொல், நான் கோபப்பட மாட்டேன். நடுராத்திரி மனசு தாங்கவில்லையென்றால் என்னைக் கூப்பிடு, என்னிடம் பேசப் பிடிக்கவில்லையென்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்குப் பேசு, எந்த நேரமும் எடுப்பார்கள். உடம்பு தூக்கிப் போட்டால் பக்கத்து அறைப் பையனை 108 கூப்பிடச் சொல்லி வை. தியான வகுப்புக்காரர்களுக்கு உண்மையை எழுதி அனுப்பு, வரலாமா என்று அவர்களே சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உன் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வியாழன் ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வருகிறேன், பெங்களூர் மடிவாளாவில் இறங்குவேன், நீ வந்து நிற்க வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்வேன். டாக்டர் அறைக்குள் நீ மட்டும் போ. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா