இலைகளைக் காப்பாற்றிக் கொடுத்த எல்லோருக்கும்

என்ன நடந்தது என்று விரிவாக மறுபடி சொல்லப் போவதில்லை, அந்த ராத்திரி நான் போட்ட மெசேஜ்களை எல்லோரும் பார்த்தீர்கள்: கரன்ட் போய் லேப் ஃப்ரீசர் நின்றுவிட்டது, என் தீசிஸுக்காகப் பறித்து உறைய வைத்திருந்த இலைகள் எல்லாம் அதற்குள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்தால் கோயமுத்தூரில் மரம் சாயும், மரம் சாய்ந்தால் கரன்ட் போகும், அதில் யாரைக் குறை சொல்ல? இன்று காலை ஜெல் ஓட்டிப் பார்த்தேன், இலையின் டி.என்.ஏ. உடைந்திருக்கிறதா என்று காட்டும் சோதனை அது. உடைந்திருந்தால் துண்டுகள் கீழே இறங்கியிருக்கும்; பட்டைகள் சிதையாமல் மேலேயே நிற்கின்றன. அதைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உக்கடம் மீன் மார்க்கெட்டில் கடை அடைக்கிற நேரத்தில் ஐஸ் பாளம் எடுத்துக் கொடுத்தவர், அதை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ அண்ணன், தெர்மகோல் பெட்டிகளைத் தூக்கி வந்த ஹாஸ்டல் பிள்ளைகள், கேட்டதும் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி அனுப்பிய கணபதி பட்டறைக்காரர், தூங்காமல் போனில் கூடவே இருந்த என் கைடு, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கிறேன்.

ஆனால் குல்ஃபி வண்டிக்கார அண்ணனைப் பற்றி எழுதாமல் விட முடியாது. லாலி ரோட்டில், தாவரவியல் பூங்கா பக்கம் நிற்பாரே, அவர்தான். ராஜஸ்தான்காரர், ஆனால் தமிழ் கற்றது நம்ம ஊரில் என்பதால் வாயைத் திறந்தாலே 'ங்க'தான். கேட் அருகில் பெட்டிகளோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு அவராக வந்து என்னவென்று கேட்டார். ஐஸுக்குள் வைத்த தெர்மாமீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது என்று புலம்பினேன். உறைந்த இலை ஒருமுறை இளகிவிட்டால் செல் உடைந்து, உள்ளே இருக்கும் நொதிகளே டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும், வயலோ அறுவடை முடிந்து உழுதாகிவிட்டது, திரும்பப் போய்ப் பறிக்க ஒரு செடி கிடையாது. இதையெல்லாம் அவரிடம் ஏன் கொட்டினேன் என்று தெரியவில்லை. அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு போடலீங்களா அம்மிணி?" என்றார்.

உப்பு சேர்ந்தால் ஐஸின் உறைநிலை இறங்கும் என்று நானும் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அவர் தன் பானையிலிருந்த குல்ஃபி அச்சுகளை எல்லாம் எடுத்து வெளியே வைத்தார். ஐஸ் பாளத்தைச் சாக்கில் போட்டுக் கட்டையால் நொறுக்கினார். மூன்று படி ஐஸுக்கு ஒரு படி கல் உப்பு, அடுக்கு அடுக்காக. அடியில் சேர்ந்த தண்ணீரை நான் வடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்: "உப்புத் தண்ணிய கொட்டாதீங்க, அதுதாங்க குளிரு." கொஞ்ச நேரத்தில் தெர்மாமீட்டர் மைனஸ் 17க்குப் போனது. இந்தக் கலவையில் எவ்வளவு முயன்றாலும் மைனஸ் 21க்குக் கீழே போகாது என்று புத்தகம் சொல்கிறது, ஆக அந்த வண்டியில் இருந்ததைக் கொண்டு அது பெரிய விஷயம். அன்றைய குல்ஃபியை அங்கே நின்ற பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார், கரைந்து வீணாகிறதற்கு இது மேல் என்று. பணம் நீட்டினால் கோபம்தான் வந்தது. பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

சைதாப்பேட்டையில் 1868இல் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு வந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமான இடம் நம்முடையது. 1912லேயே இங்கே நெல்லுக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. 1921இல் இங்கிருந்து போன ஜி.இ.பி. 24 நெல் ரகத்தின் பிள்ளை டி.கே.எம். 6, பேரப்பிள்ளை நம்ம அப்பாக்கள் போட்ட ஐ.ஆர். 20. அந்த வம்சாவளியை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கலாம். அந்தப் பாத்திகளில் நாற்று நட்டவர்கள், பால் பிடிக்கிற நேரத்தில் குருவி விரட்டியவர்கள், இந்த மாதிரி ஒரு ராத்திரியில் ஓடி வந்தவர்கள் யார் யாரோ, அவர்கள் பெயர் எங்கும் இல்லை. இதற்கு முன் நான் இதை யோசித்ததே கிடையாது, உண்மையாகச் சொல்கிறேன்.

என் தீசிஸின் நன்றிப் பக்கத்தில் முதல் வரி குல்ஃபி அண்ணனுக்குத்தான், பெயர் இல்லாவிட்டாலும் வண்டி நிற்கிற இடம் இருக்கும். கைடிடம் சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றார். அப்புறம், லேபில் இனி ஒரு மூட்டை கல் உப்பு எப்போதும் இருக்கும், என் செலவில். அளவை எழுதி ஃப்ரீசர் கதவில் ஒட்டியாகிவிட்டது.

தெர்மகோல் பெட்டிகளையும் சாக்குகளையும் கழுவிக் காய வைத்திருக்கிறேன். யாருடையது எது என்று எனக்குத் தெரியவில்லை, சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்க. குல்ஃபி என் கணக்கு.