முதல் மெமரி யாருடையது?

அன்புள்ள முருகேசா,

உன் மெயில் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் ஒரே சந்தோஷம். அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

நீ எழுதிவரும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றிக் கடைசி வரியில் நீ கேட்ட கேள்விதான் என்னை விடவில்லை. மெமரியைப் பங்கிட்டுத் தரும் மெமரி மேனேஜரைக் கர்னலுக்கு (சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு) வெளியே தனி ப்ராசஸாக, அதாவது தனியே ஓடும் ப்ரோக்ராமாக, வைத்துவிட்டால், அது எழுந்து நிற்கத் தேவையான மெமரியை யார் கொடுப்பது?

முதலில், மிஷின் எழும்போது கர்னலை ஏற்றும் பூட்லோடர் தரும் மெமரி மேப்பைச் சந்தேகத்தோடு பார். மல்டிபூட் (பூட்லோடர் கர்னலுக்கு விவரம் தரும் ஒரு பொது முறை) மேப்பில் ‘உபயோகிக்கலாம்’ என்று வருவதெல்லாம் காலி இடம் இல்லை. அங்கே ராம் இருக்கிறது, அவ்வளவுதான். உன் கர்னல், கூட ஏற்றிய மாட்யூல்கள், ஏன், அந்த மேப் எழுதியிருக்கும் இடமே அதற்குள்தான் இருக்கக்கூடும். இவற்றைக் கழிக்காமல் பேஜ் (மெமரியின் ஒரே அளவுத் துண்டு) கொடுக்க ஆரம்பித்தால் ஒரு சர்வரின் (கர்னலுக்கு வெளியே ஓடும் சேவை ப்ராசஸின்) ஸ்டாக் இன்னொரு சர்வரின் கோடு மேல் போய் உட்காரும். மிஷின் அப்போதே விழாது, சம்பந்தமே இல்லாத இடத்தில் பிறகு விழும். பேஜ் எல்லைக்கு வெட்டும்போது காலி இடத்தை உள்பக்கம் சுருக்கு, பிடித்துவைத்த இடத்தை வெளிப்பக்கம் நீட்டு. யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர்) என்றால் அதன் பூட் சர்வீஸை விட்டு வெளியேறும் முன் கடைசியாக எடுத்த மேப்தான் செல்லும். நடுவே ஒரு அலகேஷன் (மெமரி ஒதுக்கீடு) நடந்தாலும் மேப்பின் அடையாள எண்ணான கீ மாறி, வெளியேறும் அழைப்பு தோற்றுவிடும்.

காலி பேஜ்களைக் கணக்கு வைக்க பிட்மேப்பா (பேஜுக்கு ஒரு பிட்), ‘buddy’ முறையா (இரண்டின் அடுக்கு அளவுத் துண்டுகள்) என்று ரொம்ப யோசிக்காதே. 4 ஜிபி ராமுக்கு 4 கேபி பேஜ் கணக்கில் பிட்மேப் வெறும் 128 கேபிதான். கஷ்டம் கணக்கு வைப்பதில் இல்லை, உரிமையில்தான்.

எல்4 என்ற சின்னக் கர்னலின் வழியில் வந்த கர்னல்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தன. பூட் ஆனதும் மிச்ச மெமரி முழுக்க ‘சிக்மா0’ என்ற முதல் ப்ராசஸின் கைக்குப் போகும், மற்றவர்கள் அதனிடம் கேட்டு வாங்குவார்கள். ஆனால் பேஜ் டேபிளுக்கும் (எந்த முகவரி எந்தப் பேஜில் என்ற அட்டவணை) த்ரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் ஒரு வேலை இழை) விவரத்துக்கும் கர்னல் தனியாக ஒரு பங்கு ஒதுக்கிவைத்திருந்தது. ஏதாவது ஒரு ப்ராசஸ் த்ரெட்டுகளை உருவாக்கிக்கொண்டே போனால் அந்தப் பங்கு தீர்ந்து எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

2009இல் சிட்னியில் கணித நிரூபணம் முடிக்கப்பட்ட, அதே குடும்பத்து எஸ்இஎல்4 கர்னல் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பூட்டின்போது கர்னல் ஒரே ஒரு முறை பாகப்பிரிவினை செய்கிறது. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை இரண்டின் அடுக்கு அளவுகளில் ‘அன்டைப்டு’ (எதற்கென்று இன்னும் தீர்மானிக்காத) துண்டுகளாக்கி, அவற்றின் கேப்பபிலிட்டிகளை (உரிமைச் சீட்டுகளை) முதல் ப்ராசஸிடம் கொடுத்துவிடுகிறது. எந்தத் துண்டு எந்த முகவரியில், எவ்வளவு பெரிது, அது சாதாரண ராமா டிவைஸ் பகுதியா என்ற பட்டியலும் கூடவே போகிறது. அதற்கப்புறம் கர்னலுக்குள் மெமரி ஒதுக்கும் அலகேட்டரே கிடையாது. புது த்ரெட் வேண்டுமா, பேஜ் டேபிள் வேண்டுமா, கேட்கிறவன் தன் துண்டிலிருந்துதான் இடம் தர வேண்டும். ஒருவன் தன் பங்கைத் தீர்த்துக்கொண்டால் கஷ்டம் அவனோடு நிற்கும்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: மெமரி மேனேஜருக்கான முதல் பேஜ்களைக் கர்னலே பூட்டில் மேப் செய்யட்டும், அந்த ஒரு ப்ராசஸுக்கு மட்டும். பிறகு கர்னல் கையை எடுத்துவிடட்டும். டிரைவர்களை ஏற்றுவதெல்லாம் மேனேஜரின் பாடு.

உன் பழைய லேப்டாப்பில் மேப்பை அச்சிட்டு அப்படியே அனுப்பு. 640 கேபிக்கும் 1 எம்பிக்கும் நடுவே என்ன காட்டுகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேகர்