மூடப்பட்ட கதவு குறித்து யூஈஎஃப்ஏவுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஈஎஃப்ஏ அமைப்பின் மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2024 மே 29 அன்று ஏதென்ஸில் ஃபியோரெண்டினாவை 1-0 என்று வென்று ஒலிம்பியாகோஸ் பெற்ற, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கழகப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் கோப்பைதான், கிரேக்கக் கழகம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் பெரிய ஐரோப்பியக் கோப்பை. 1971இல் வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் அயாக்ஸிடம் கிரேக்கக் கழகமான பனாதினைகோஸ் தோற்ற பிறகு அந்நாடு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. மேல்நிலைப் போட்டியின் பிரிவில் மூன்றாமிடம் பெறும் அணி அடுத்த நிலைப் போட்டிக்கு இறங்கி ஆடலாம் என்பதே அந்த வெற்றிக்கு இடம் தந்த விதி. அது அடுத்த பருவத்திலேயே தங்கள் புதிய போட்டி அமைப்பில் இல்லாமற்போனது.

இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகில் தன் பிரிவில் வெஸ்ட் ஹாம், ஃபிரைபர்க் அணிகளுக்கு அடுத்து மூன்றாமிடம் பிடித்ததால்தான் ஒலிம்பியாகோஸ் கான்ஃபரன்ஸ் லீகுக்கு இறங்கியது. தொடக்கம் முதல் அங்கேயே ஆடிவந்த சிறிய கழகங்களின் வாய்ப்பை, மேலிருந்து இறங்குபவர்கள் பறிக்கிறார்கள் என்ற குறையில் நியாயம் உண்டு. ஆனாலும் யாரும் ஒலிம்பியாகோஸுக்கு எதையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஃபெரென்ஸ்வாரோஸுடன் கூடுதலாக ஒரு சுற்று ஆடித்தான் பதினாறு அணிகளுள் ஒன்றாக நுழைந்தார்கள். மக்காபி டெல் அவிவிடம் சொந்த மண்ணான பிரேயஸில் 1-4 என்று தோற்றுவிட்டு, ஒரே வாரத்தில், மக்காபி தன் சொந்த மைதானமாகப் பயன்படுத்திய செர்பியாவின் பாச்கா டோபோலாவில் கூடுதல் நேரம் வரை ஆடி 6-1 என்று திருப்பிக் கொடுத்தார்கள். (இலையுதிர்காலத்தில் யூரோப்பா லீக் ஆட்டத்துக்காக அவர்கள் வந்துபோன அதே மைதானம்தான் அது.) காலிறுதியில் ஃபெனர்பாச்சேவுக்கு எதிரான பெனால்டிகளில் இளம் கோல்காவலர் ட்சோலாகிஸ் மூன்றைத் தடுத்தார், அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவின் வலைக்குள் இரு ஆட்டங்களிலுமாக அயூப் எல் காபி மட்டும் ஐந்து கோல்களை அடித்தார். இறுதியாட்டம் நடந்ததோ உள்ளூர்ப் பகையாளியான ஏஇகே கழகத்தின் மைதானத்தில். அங்கே 116ஆவது நிமிடத்தில் எல் காபி தலையால் தள்ளிய பந்து, காணொளிச் சரிபார்ப்பு முடியும் வரை கோலா இல்லையா என்று தெரியாமல், அரங்கமே மூச்சை அடக்கி நின்றது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒலிம்பியாகோஸில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் மெண்டிலிபார், முந்தைய ஆண்டு உச்சநிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீகிலிருந்து இறங்கிய செவில்லாவுக்கு யூரோப்பா லீகை வென்று தந்தவர். அவருடைய ஐரோப்பியக் கோப்பைகள் இரண்டுமே அந்தக் கதவு வழியாக வந்தவை.

முதல் கட்டத்துக்குப் பின் 36 அணிகளில் 24 அணிகளைத் தக்கவைக்கும் இன்றைய முறையில், நடுத்தர அணி அதே போட்டியில் நீடிக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நீடிக்கலாம், ஆனால் தன் பலத்துக்கு எட்டும் கோப்பையை நோக்கி அல்ல. ஆகவே, 2027க்குப் பிந்தைய போட்டிகளை வரையறுக்கும்போது, யூரோப்பா லீகில் 25 முதல் 28 வரையிலான இடங்களைப் பெறும் நான்கு அணிகளையாவது கான்ஃபரன்ஸ் லீகில் பதினாறு அணிகள் சுற்றுக்கு முந்தைய இடைச்சுற்றில் அனுமதிப்பது பற்றிப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கால்பந்து ரசிகன் ஒருவன்