கதை நகராவிட்டால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸ் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பேய், தேவதை, பள்ளிக்கூடம், காதல் எல்லாம் கலந்து வாரம் ஒரு கதையாக வரும் மங்காக்களைக் கட்டுரையாளர் இரண்டு வரியில் ஒதுக்கிவிட்டார். எத்தனை தொகுதி படித்தாலும் காதலர்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள் என்பது அவருடைய குறை. எனக்கோ அந்த நகராமையில்தான் இவ்வகைக் கதைகளின் உயிர் இருப்பதாகப் படுகிறது.

ருமிகோ தகாஹாஷியின் 'உருசெய் யாட்சுரா' என்ற மங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் வீக்லி ஷோனென் சண்டே இதழில் தொடங்கி 1987 வரை வந்தது. மொத்தம் 34 தொகுதிகள். தொடங்கியபோது தகாஹாஷிக்கு இருபது வயது, கல்லூரி மாணவி. பூமியைக் கைப்பற்ற வரும் ஓனி அரக்கர்கள் ஒரு பந்தயம் வைக்கிறார்கள். டோமோபிகி உயர்நிலைப் பள்ளி மாணவன் அதாரு, லம் என்ற ஓனிப் பெண்ணைப் பத்து நாளுக்குள் துரத்திப் பிடித்து அவள் கொம்பைத் தொட வேண்டும். ஜப்பானியக் குழந்தைகளின் ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் துரத்துபவர்தான் ஓனி. இங்கே அது தலைகீழ். அதாரு ஜெயித்துவிடுகிறான். தன் தோழி ஷினோபுவை நினைத்து 'இனி கல்யாணம்தான்' என்று கத்துகிறான். லம் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறாள். பின்னால் அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள்.

ஆனால் இந்த முதல் அத்தியாயத்துக்கு அடுத்ததில் லம் இல்லவே இல்லை. அவளை நாயகியாக்கும் திட்டம் முதலில் இருக்கவில்லை. வாரம் ஒரு கதை என்ற தளர்வான அமைப்பு இருந்ததால்தான் அவள் திரும்பி வந்து கதையையே எடுத்துக்கொள்ள முடிந்தது. முன்கூட்டியே கோடு போட்ட நெடுங்கதையில் அதற்கு இடம் கிடைத்திருக்குமா?

கிறிஸ்துமஸ் வரும், புத்தாண்டு வரும், கோடை விடுமுறை வரும், பிள்ளைகள் மட்டும் அதே வகுப்பில் இருப்பார்கள். அந்த வகுப்புக்குள் நாட்டார் கதைகள் முழுக்க நுழைந்துவிடுகின்றன. பனிப்பெண், தெங்கு என்ற சிறகுள்ள மலைப்பூதங்களின் இளவரசி, குளிரில் செத்துப் பேயாகி இப்போது தலைமையாசிரியரோடு தேநீர் குடிக்கும் பெரிய பூனை. பென்டென் என்றொருத்தி பறக்கும் பைக்கில் துப்பாக்கியோடு வருவாள். அவளுக்கு மூலமான பென்சைடென் வேறு யாருமல்ல, பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய் அங்கே ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருத்தியான நம் சரஸ்வதிதான். ஓனியை விரட்ட வறுத்த சோயா விதைகளை எறியும் செட்சுபுன் பண்டிகை இந்த மங்காவில் அதிர்ஷ்ட தெய்வங்களுக்கும் ஓனிகளுக்கும் நடக்கும் வருடாந்திரப் போராகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

சரி, காதல் எங்கே? ஒரு அத்தியாயத்தில் லம் தன்னைப் போலவே செய்த ஒரு பொம்மையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கத்தான் போகிறாள், ஆனால் நிரந்தரமாகப் போய்விட்டாள் என்று நினைத்து அதாரு தேடி அலைகிறான். அந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டு அழுகிறான். பொம்மைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறது. லம் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறாள். அடுத்த வாரம் அதாரு வழக்கம்போல வேறு பெண்கள் பின்னால் ஓடுவான். (அந்தத் துரத்தல் நகைச்சுவையில் பல இடங்கள் இன்று படிக்கச் சங்கடமாகவே இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை.) ஆனால் அவன் அழுததை நாம் பார்த்துவிட்டோம், அவளும் கேட்டுவிட்டாள். கதை பழைய இடத்துக்குத் திரும்பினாலும் வாசகர் திரும்புவதில்லை. இப்படிப்பட்ட சின்னச் சின்ன அத்தியாயங்கள் ஒன்பது வருடம் சேர்ந்ததால்தான் முடிவு அவ்வளவு கனமாக விழுகிறது.

முடிவிலும் பத்து நாள் துரத்தல்தான். இம்முறை லம் கேட்பது ஒரே ஒரு சொல்: 'உன்னைக் காதலிக்கிறேன்.' சொல்லாமல் தோற்றால் பூமியில் யாருக்கும் லம் நினைவில் இருக்கமாட்டாள். அதாரு கடைசிவரை சொல்லவில்லை. அவன் கையில் வைத்திருந்த லமின் கொம்பு நழுவி விழுவதைப் பார்த்துத்தான் அவன் மனதை அவள் புரிந்துகொள்கிறாள். ஆயுள் முழுக்க ஆனாலும் சொல்ல வைப்பேன் என்கிறாள் அவள். சாகும்போது சொல்கிறேன் என்கிறான் அவன். நேராக இந்த அத்தியாயத்தை மட்டும் படிப்பவருக்கு இது வெறும் பிடிவாதமாகத்தான் தெரியும்.

பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழா 2019இல் தகாஹாஷிக்குத் தன் உயரிய விருதைக் கொடுத்தது. கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது முதல் தொகுதியோடும் கடைசித் தொகுதியோடும் நிறுத்திக்கொள்ளாமல், நடுவிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துப் பொறுமையாகப் படித்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, தஞ்சாவூர்