நண்டு ஓடு காய ஓர் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுதொழில்கள் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு, அதாவது கழிவையே மறுபடி பொருளாக்கும் முறைக்கு, மாறுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், தொழில் நடத்துபவர்களுக்கு விழிப்புணர்வு இல்லாததே தடை என்று அதில் இருப்பதை, மண்டபம் பக்கம் நண்டுக் கொட்டகை நடத்தும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்களுக்கு இல்லாதது இடமும் தண்ணீரும்.

நாட்டுப் படகில் வரும் நீலக்கால் நண்டை அவித்துக் கொடுத்தால் பெண்கள் உட்கார்ந்து சதையைப் பிரித்தெடுப்பார்கள். சதை ஐஸில் ஏறிப் பெரிய கம்பெனிக்குப் போய், டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. எடையில் பாதிக்கு மேல் ஓடாகவே மிஞ்சும். அந்த ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருள் அதில் இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் கைட்டோசன், தண்ணீர் சுத்திகரிக்கவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் பயிருக்கும் ஆகிறது. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் வாங்குபவர் கேட்பது காய்ந்த ஓடு, அதுவும் லாரி லோடாக. எனக்கு நாளொன்றுக்குச் சேர்வது சில கூடைகள்தான். காலையில் பிரித்த ஓடு சாயங்காலத்துக்குள் நாறத் தொடங்கிவிடும். அன்றைக்கே அலசி வெயிலில் பரப்பியாக வேண்டும். குடிக்கிற தண்ணீரையே குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊரில் ஓட்டை எதில் அலசுவது? மணலில் பரப்பினால் காக்காயும் நாயும் இழுத்துப் போகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், அவர் மேலும் தப்பில்லை. கடைசியில் குழி தோண்டிப் புதைக்கிறோம்.

வலையிலும் இதே கதைதான். நண்டு வலை கிழிந்தால் ஈயக்குண்டு, மிதவை, கயிறு எல்லாவற்றையும் அறுத்தெடுத்துப் புது வலையில் கட்டிக்கொள்வது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. காசு மிச்சம், அவ்வளவுதான். மிஞ்சும் நைலான்தான் கரையில் எரிகிறது. அதை உருக்கி மறுபடி நூலாக்கலாம். ஆனால் வேறு பிளாஸ்டிக் கலக்காமல், உப்பும் மணலும் போகக் கழுவித் தர வேண்டும். திரும்பவும் தண்ணீர்.

சரி, அரசு உதவி? குறு, சிறு நிறுவனங்களின் சுழற்சிப் பொருளாதார முதலீட்டுக்காக மத்திய அரசு 2023 டிசம்பரில் ‘ஸ்பைஸ்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இயந்திரத்துக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 12.5 லட்சம் ரூபாய். ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு ஆகியவற்றுக்குத்தான். வலைக்கு ஒருவேளை வழி உண்டு, ஓட்டுக்கு இல்லை. இருந்தாலும், கூடைக்கணக்கில் ஓடு வைத்திருக்கும் தனி ஆள் இயந்திரம் வாங்கி என்ன செய்வது, கடனைத்தான் கட்ட வேண்டும்.

கப்பாபைகஸ் கடற்பாசியைப் பாருங்கள். பச்சையாக அரைத்து, சாற்றைப் பயிருக்கும் சக்கையை, உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் காரஜீனன் எடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். அந்த முறையைக் கண்டுபிடித்த மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்திலேயே கிளை இருக்கிறது. மகளிர் குழுக்கள் வளர்த்த பாசியை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. இப்போது தொண்டிப் பக்கம் வளமாவூரில் பாசிக்கென்று தொழில் பூங்காவே வருகிறது.

நண்டுக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். குறு, சிறு நிறுவனத் தொகுப்புகளுக்குப் பொது வசதி மையம் அமைக்கும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் மீன் இறங்குதளத்தை ஒட்டி அரை ஏக்கர், வலையடித்த சிமெண்டுத் தளம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓர் எடை மெஷின் கொடுத்தால் போதும். கொட்டகைக்காரர்கள் சேர்ந்து வாடகை கட்டுகிறோம்.

ஒரு வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்