துண்டு நோட்டீஸும் மளிகைப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதம் பிறந்தால் போதும், நாளிதழைப் பிரிக்கும்போதே தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் சூப்பர்மார்க்கெட்டுகளின் துண்டு நோட்டீஸ்கள் மடியில் வந்து விழுகின்றன. '999 ரூபாய்க்கு வாங்கினால் 150 ரூபாய் தள்ளுபடி', 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கூப்பன்களும் அதில் இருக்கும். புதிதாகக் கூப்பன் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நோட்டீஸைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலை எழுதி முடித்துவிட்டு நோட்டீஸைக் கையில் எடுப்பவருக்கே காசு மிஞ்சும்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பெண்கள் வண்டி நிறையச் சாமான்களை அள்ளி, கூப்பன்களை நீட்டி, சில டாலர் மட்டும் கட்டிவிட்டு வெளியே வரும் வீடியோக்கள் இங்கே நிறையப் பேரைக் கெடுத்து வைத்திருக்கின்றன. அங்கே தயாரிப்பு நிறுவனத்தின் கூப்பனையும் கடையின் கூப்பனையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுக்க இடமுண்டு. நம்மூரில் பெரும்பாலும் ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன்தான். எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

முதல் மாதம் கூப்பனே வேண்டாம். பழைய நோட்டு ஒன்றில் வீட்டில் தவறாமல் வாங்கும் இருபது பொருட்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 100 கிராம் அல்லது 100 மில்லி என்ன விலை என்று குறியுங்கள். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் இவ்வளவு, ஒரு கிலோ இவ்வளவு என்று அலகு விலையும் அச்சிடப்படுகிறது. எழுத்து பொடியாக இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடி போன பிறகு நாம்தான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். இப்போது 800, 850 கிராம் பாக்கெட்டுகளும் அதே உயரத்தில், அதே பளபளப்பில் அலமாரியில் நிற்கின்றன. 910 கிராம் பாக்கெட் 155 ரூபாய் என்று வையுங்கள். 100 கிராம் 17 ரூபாய் 3 காசு. பக்கத்தில் 850 கிராம் பாக்கெட் 158 ரூபாய், அதற்கு 10 ரூபாய் கூப்பன் இருக்கிறது. கூப்பன் போக 148. கையில் கொடுப்பது 7 ரூபாய் குறைவுதான், ஆனால் 100 கிராம் 17 ரூபாய் 41 காசு ஆகிவிட்டது. நோட்டு இல்லாதவர் கூப்பன் பாக்கெட்டைத்தான் எடுப்பார்.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்பதையும் நம்ப வேண்டாம். சில ஷாம்புகளில் பாட்டிலைவிடச் சாஷேதான் மில்லிக்குக் குறைவு. 'நான்கு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது 20 சதவீதத் தள்ளுபடி, 'இரண்டுக்கு ஒன்று' என்பது 33. '25 சதவீதம் கூடுதல்' என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் விலைக் கணக்கில் அது 20 சதவீதம்தான். சோப்புக் கட்டில் ஒவ்வொன்றும் 100 கிராமா 75 கிராமா என்று திருப்பிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததால், அதற்கு முன் 100 ரூபாய்க்கு விற்றது வரி வித்தியாசத்தாலேயே 89 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டுக்கு 'பத்து சதவீதம் ஆஃபர்' என்று போட்டால் அதில் கடையின் தயவு எதுவும் இல்லை.

இனி அந்த 999 ரூபாய்க் கூப்பனுக்கு வருவோம். உங்கள் பட்டியல் 780 ரூபாய்க்கு முடிகிறது. கூப்பனுக்காக 219 ரூபாய்க்கு மேலும் வாங்கினால், 150 போக 849 கட்டுகிறீர்கள். அந்த 219 ரூபாய்க்கு அடுத்த மாதத் துவரம் பருப்பும் துணி சோப்பும் எடுத்தால் 150 ரூபாய் முழு லாபம். மிக்சரும் கூல்டிரிங்ஸும் எடுத்தால் 69 ரூபாய் நஷ்டம், வீட்டில் கேட்டால் ஆஃபர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே பட்டியலுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, கெடாத, எப்படியும் வாங்கியே தீர வேண்டிய நாலைந்து சாமான்களைத் தனியாக எழுதி வையுங்கள். வரம்பை எட்ட அதிலிருந்து மட்டும் எடுங்கள். பட்டியல் 2,000 ரூபாயைத் தாண்டினால் இரண்டு பில்லாகப் பிரித்து இரண்டு கூப்பன் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில கடைகளில் சம்மதிப்பார்கள்.

'20 சதவீதம் வரை' என்பதில் கவனிக்க வேண்டிய சொல் 'வரை'. 'அதிகபட்சம் 100 ரூபாய்' என்பது நட்சத்திரக் குறியோடு அடியில் ஒளிந்திருக்கும். அரிசி, சர்க்கரை, எண்ணெய், நெய் ஆகியவை பல கூப்பன்களில் சேராது. 999 கணக்கில் அவற்றையும் கூட்டி வைத்துக்கொண்டு கவுன்டரில் நின்றால் ஏமாற்றம்தான். குழந்தைப் பால் பவுடருக்கு ஆஃபர் இல்லையே என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். இலவசம், பரிசு என்று ஆசை காட்டி அதை விற்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பில்லின் வாலில் 'அடுத்த முறைக்கு 50 ரூபாய்' என்று அச்சடித்துத் தருவது தெர்மல் காகிதம். தருமபுரி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் சில நாளில் எழுத்து மங்கி, பார்கோடு ஸ்கேன் ஆகாது. வாங்கியவுடன் போட்டோ எடுத்து, கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். கூப்பனை பில் போடத் தொடங்கும் முன்பே நீட்ட வேண்டும். பணம் கட்டிய பிறகு கொடுத்தால் பில்லை ரத்து செய்ய மேனேஜரைத் தேட வேண்டியிருக்கும், பின்னால் வரிசை முணுமுணுக்கும். இலவசப் பொருள் திரையில் பூஜ்ய விலையில் ஏறுகிறதா என்று அங்கேயே பாருங்கள். அதிகம் தவறு நடப்பது இந்த இடத்தில்தான்: இலவச சோப்பின் அளவோ மணமோ மாறியிருந்தால் மெஷின் ஆஃபரை எடுக்காமல் முழு விலையையும் போட்டுவிடும்.

ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் உடனே தேதியைப் பாருங்கள். காலாவதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடவும் அந்த ஆஃபர் உதவும். பாக்கெட் கோதுமை மாவுக்குப் பெரும்பாலும் மூன்று மாதக் கெடு. ரவையிலும் மாவிலும் வண்டு அதற்கு முன்பே வந்துவிடும். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை கிலோ தீர்கிறது என்பது நோட்டில் இருந்தால், கெடுவுக்குள் தீருமா என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். சோப்பு, உப்பு, முழுப் பயறு தாங்கும். கடலை, எள், எண்ணெய் காறும். ராகியை மாவாக வாங்கிக் குவிக்க வேண்டாம், தானியமாக வைத்துக்கொண்டு தேவைக்கு மில்லில் அரைப்பதே மேல்.

ராகி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பல பொருட்களுக்குக் கூப்பனே தேவையில்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தக் கூப்பனும் இந்த விலையை நெருங்காது. தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகியும் தருகிறார்கள். 'தக்காளி கிலோ 9 ரூபாய்' என்று நோட்டீஸ் வரும் வாரம், பாலக்கோடு, இராயக்கோட்டை வரத்து கூடி சந்தையிலேயே விலை இறங்கிய வாரமாக இருக்கும். தக்காளிக்காக உள்ளே போனவர் பிஸ்கெட்டோடு வெளியே வருவார் என்பதுதான் கடையின் கணக்கு. தருமபுரி, ஓசூர் உழவர் சந்தைகளில் காலையில் எழுதிப் போடும் விலைப்பலகையை நோட்டில் குறித்துக்கொண்டு அப்புறம் நோட்டீஸைப் பாருங்கள். வருஷத்துப் புளியைச் சீசனில் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து ஜாடியில் அடைப்பதும் அதே கணக்கில்தான் வரும்.

ஆப்பில் ஆர்டர் செய்கிறவர்கள் கூப்பனைப் போட்ட பிறகு டெலிவரி சார்ஜ், ஹேண்ட்லிங் சார்ஜ் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை மட்டும் பாருங்கள். ஓசூர் கம்பெனிகளில் உணவுக்கென்று பணம் போட்டுத் தரும் அட்டை (மீல் கார்டு) வாங்குகிறவர்கள் அதை எந்த மளிகைக் கடை ஏற்கிறது, பணம் எப்போது காலாவதியாகிறது என்று விசாரித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் 'பிரபல கடையின் 500 ரூபாய் கூப்பன், பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். கேஷ்பேக் வாங்க யு.பி.ஐ. பின் நம்பரைப் போடச் சொன்னால் அது மோசடி. நமக்குப் பணம் வருவதற்கு அந்த நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கவுன்டரில் மொபைல் எண் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்த முடியாது. பாயின்ட் வேண்டும் என்றால் மட்டும் கொடுங்கள். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது. 'ஆஃபர் பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று பலகை மாட்டியிருந்தாலும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடைக்காரர்களுக்கும் தங்களுக்கும் ஆளுக்கொரு வேண்டுகோள். நோட்டீஸில் தள்ளுபடித் தொகை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் குறைந்தபட்சக் கொள்முதல், அதிகபட்சத் தள்ளுபடி, சேராத பொருட்கள், கடைசித் தேதி ஆகிய நான்கையும் கடைகள் அச்சிட வேண்டும். அலமாரி விலைச்சீட்டில் தள்ளுபடி போன பிறகு 100 கிராம் என்ன விலை என்றும் போட வேண்டும். அந்த நோட்டீஸ்கள் செருகி வரும் நாட்களில் இரு மாவட்ட உழவர் சந்தை விலைப் பட்டியலையும் உள்ளூர்ப் பக்கத்தில் தாங்கள் வெளியிட்டால், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.